மருந்துத் தொட்டி

“வெளியில இருந்து கடைசியா இந்தக் கொட்டகைக்குள்ள வந்தது யாரு?” என்று கால்நடை டாக்டர் கேட்டதும், பண்ணைக்காரரின் மனைவி கையிலிருந்த தீவன வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டும் எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் தடுப்புக் கம்பிகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பன்றிகளைக் கொல்லும் இந்தக் காய்ச்சல் பண்ணைக்குள் வந்துவிட்டால் சீக்கு வந்தது, வராதது என்றெல்லாம் பார்ப்பதில்லை. தாய்ப்பன்றியும் நேற்றுப் பிறந்த குட்டியும் ஒரே குழிக்குத்தான் போக வேண்டும்.

குட்டிகளுக்கு அது எங்கே தெரிகிறது? வாளியைக் கண்டதும் கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி ஒரே கும்மாளம்.

கொட்டகை வாசலில் கணுக்கால் ஆழத்துக்கு மருந்துத் தண்ணீர் நிற்கும் சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. அதில் இறங்கிக் காலை நனைக்காமல் ஈ காக்காய் உள்ளே போக முடியாது. இந்த விஷயத்தில் பண்ணைக்காரருக்கு மாமன் மச்சான் என்ற பேச்சே கிடையாது.

மகளின் கல்யாணப் பேச்சுக்கு வந்த சம்பந்தியையே பேண்ட்டை மடிக்கச் சொல்லித் தொட்டியில் இறக்கிவிட்ட மனுஷன் அவர். சம்பந்தியும் பன்றி வளர்ப்பவர்தான், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். அந்தக் கோபத்தையெல்லாம் பிற்பாடு மருமகளிடம் காட்டினாரோ என்னவோ.

அந்த வீட்டிலிருந்துதான் மகள் ஒரு விடியற்காலையில் ஓடி வந்தாள்.

அங்கே கொட்டகை கழுவிக்கொண்டிருந்தவள், போட்டது போட்டபடி வந்திருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. அந்த நேரத்தில் அம்மா எங்கே இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். தொட்டியைத் தாண்டி நேரே கொட்டகைக்குள் நுழைந்து, குட்டிகளுக்கு நடுவிலேயே தாயைக் கட்டிக்கொண்டாள்.

“அங்க பன்னியெல்லாம் பொத்துப் பொத்துன்னு சாவுதும்மா. நான் வந்த நேரந்தான் இப்படின்னு போட்டு அடிக்கிறாங்க.”

அழுகிற பெண்ணைத் தள்ளி நிறுத்தி, முதலில் போய்க் காலை நனைத்துவிட்டு வா என்று எந்தத் தாய் சொல்வாள்? அந்த வீட்டுச் சேறு ஒட்டியிருந்த செருப்பை அவள் பார்க்கத்தான் செய்தாள். பார்த்தும் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு தாய்ப்பன்றி தீவனத்தைத் தொடவில்லை. அதன் காதுகள் இரண்டும் சிவந்து கிடந்தன.

தீவன லாரியில் வந்திருக்கும் என்று மகளிடம் அடித்துச் சொல்லிவைத்தாள். புருஷனிடமும் அதே கதைதான். அவருக்கு நாக்கு கொஞ்சம் நீளம். உன்னால்தான் வந்தது என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால், அதே பழியை இரண்டாவது வீட்டிலும் கேட்க அந்தப் பெண்ணுக்குத் தெம்பு இல்லை.

பன்றிகள் போனால் போகட்டும், பிழைப்பும் போகட்டும். இது மட்டும் மகள் காதில் விழக்கூடாது.

லாரிக் கதையை டாக்டரிடமும் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பண்ணைக்காரர் முந்திக்கொண்டார்.

“நான்தான் சார். போன வாரத்துக்கு முந்தின வாரம் சந்தைக்குப் போயிட்டு, கால நனைக்காம அப்படியே உள்ள வந்துட்டேன்.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சந்தையாவது மண்ணாங்கட்டியாவது! அந்த வாரம் முழுக்க அவர் சுளுக்கிய காலோடு கட்டிலில் கிடந்தார். கட்டில் தலைமாட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே கொட்டகை வாசல்தான். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷனைத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டாள். பெரிய கண்டம் ஒன்று தாண்டியது போல மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

ஆட்களுக்குத் தண்ணீர் எடுத்து வந்த மகள், சொம்போடு பாதி வழியில் நின்றிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அப்பாவின் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டது அவள்தான். கைத்தாங்கலாகக் குளிக்கக் கூட்டிப்போனதும் அவள்தான். அப்பா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இப்போது எதற்காகச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

சொம்பைக் கீழே வைத்தாள். கொடியருகே போனாள். காய்ந்துகொண்டிருந்த துணிகளில் தன்னுடையதை மட்டும் எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

ஆட்கள் கம்பி கட்டி முடித்துவிட்டார்கள். பன்றிகள் அவர்களைக் கண்டு மிரண்டு மூலையில் ஒண்டின. பழகிய குரலுக்குத்தான் வரும், ஒரு தடவை கூப்பிடுங்கள் என்று டாக்டர் பண்ணைக்காரரின் மனைவியிடம் தயவாகக் கேட்டார்.

அது அவள் காதிலேயே ஏறவில்லை.

“கண்ணு...” என்று மகளைப் பார்த்துக் கத்தினாள்.

மகள் திரும்பவில்லை. அந்தக் குரலுக்குப் பன்றிகள்தான் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடி வந்தன.