கைக்குட்டை வந்ததும் வயலின்

பிரசங்க மேடையில் இருந்த மைக்குக்கு ஒத்திகையிலேயே தூக்கிவாரிப் போட்டது. போதகர் ஞானாபரணத்தின் கிறிஸ்துமஸ் பிரசங்கத் தாளில், ‘சத்திரத்தில் இடமில்லை’ என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘கைக்குட்டை’ என்று எழுதியிருந்தது.

“இது என்ன தம்பி?” என்று கீபோர்டிடம் கேட்டது.

“அந்த இடத்துல ஐயா கண்ணைத் துடைப்பார் அண்ணே. கைக்குட்டை வெளியே வந்ததும் நான் வயலின் சத்தத்துல ரெண்டு சுற்று வாசிக்கணும். வருஷா வருஷம் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?”

மைக்குக்குத் தெரியாது. அந்தத் தழுதழுத்த குரலை நிஜமென்று நம்பி, தெருமுனை வரை கொண்டுபோய்ச் சேர்த்ததே அதுதான்.

கிறிஸ்துமஸ் காலையில் போதகர் தாளைப் பிரித்துவிட்டு நிமிர்ந்தார். ஆவணியில் இறந்துபோன அவர் மனைவி வழக்கமாக உட்காரும் இடத்தில், முன்வரிசைக்காரர் ஒருவர் தன் பையை வைத்திருந்தார். போதகர் அதையே பார்த்தார். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்தார்.

உடனே வயலின் சத்தம் எழுந்தது.

“நிறுத்து தம்பி, இது நிஜம்” என்று மைக் பதறியது.

“கைக்குட்டை வந்துடுச்சே அண்ணே.”

இரண்டு சுற்றும் முடிந்து கீபோர்டு ஓய்ந்தது. போதகரின் அழுகை ஓயவில்லை.

பையின் சொந்தக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னது மைக்கின் காதில் விழுந்தது.

“இந்த வருஷம் ஐயா கொஞ்சம் ஓவராப் பண்றார்.”