தலைவர் மிதித்த சைக்கிள்

"பெரியவங்களுக்கு இலவசமா சைக்கிள் கத்துத்தர்றோம். வெட்கப்பட்டுக்கிட்டு ஒருத்தரும் வர்றதில்ல. முகநூல் பக்கத்துலயும் ஈ ஓட்டிக்கிட்டிருக்கோம். நீங்க சைக்கிள் ஓட்டுற போட்டோ ஒண்ணு போடலாமா சார்?" என்று சைக்கிள் சங்கத்தின் தலைவரிடம் கேட்டாள் அதன் செயலாளர் பெண்.

"வீட்டுல எடுத்து அனுப்புறேம்மா," என்றார் தலைவர் அவசரமாக.

படம் வந்தது. அதில் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். அவளும் அப்படியே போட்டுவிட்டாள்.

மறுநாள், "எண்ணூறு கமெண்ட் சார்!" என்றாள்.

தலைவர் மீசையைத் தடவினார். "என்ன சொல்றாங்க?"

"'ஸ்டாண்ட எடுத்துட்டு மிதிங்க தலைவரே'ங்கிறாங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. "எனக்கு ஓட்டத் தெரியாதும்மா. மானமே போச்சு."

"போகட்டும் சார். 'தலைவருக்கே தெரியல, நமக்கென்ன வெட்கம்'னு இன்னிக்கு மட்டும் நாப்பது பேர் வகுப்புல சேர்ந்திருக்காங்க."

"நாப்பது பேரா!"

"உங்களையும் சேத்துத்தான் சார்."