வாடாவூரில் ஓர் இருமல்

ஆற்றங்கரையில் மாலை கட்டப் பூ அள்ளியபோது அவள் விரல்களை ஒரு கை பற்றியது.

பூக்களை விலக்கினாள்.

பெரியவர் சாத்தன்.

போன கோடையில் பாலைவெளி தாண்டி அவளையும் அவள் கணவன் காரியையும் இந்த வாடாவூருக்கு அழைத்து வந்தவர். வழியில் அவள் மயங்கி விழுந்தபோது, தோல்பையில் மிச்சமிருந்த தண்ணீரை அவள் வாயில் ஊற்றியவர்.

உடம்பு முடியாமல் பல்லக்கில் ஏறி ஓய்வெடுக்கப் போயிருக்கிறார் என்று ஊரார் சொன்னார்கள். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இந்த ஊரில் பூக்கள் வாடுவதில்லை. ஆறு வற்றுவதில்லை. சுடுகாடு கிடையாது. நோயாளி என்று ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை.

ஏன் என்று இப்போது தெரிந்தது.

அவர் மார்புவரை மண். கழுத்தைச் சுற்றி வேர்கள். தோள் அழுகத் தொடங்கியிருந்தது. நாற்றத்தை மல்லிகை வாசம் மூடியிருந்தது.

“தண்ணி குடு, தாயி.”

ஆறு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

பாதையில் பெண்களின் சிரிப்பு கேட்டது. பார்க்கக் கூடாததைப் பார்த்தவர்களை இந்த ஊர் பாலைவெளிக்கே துரத்திவிடும்.

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

பூக்களை வாரி அவர் முகத்தில் போட்டாள்.

பெண்கள் வந்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவர்கள் நகர்ந்ததும் ஓடினாள். இரு கைகளிலும் தண்ணீர் அள்ளி வந்து அவர் வாயில் ஊற்றினாள். உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்து மண்ணில் சேர்ந்தது.

சேர்ந்த இடத்தில் ஒரு மொட்டு விரிந்தது.

வீட்டில் காரிக்குச் சோறு போட்டாள். தன் கைகளைப் பார்க்கவே கூசியது.

“பெரியவரப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

“இல்ல.”

அவள் நிமிரவில்லை.

காரி இருமினான். வாயைப் பொத்திக்கொண்டான். அடக்க முடியாமல் மறுபடியும் இருமினான்.

தெருவில் காலடிகள் நின்றன.

அவள் அவன் காதருகே குனிந்தாள்.

“பெரியவர் பூவுக்கு அடியில கெடக்காரு. தண்ணி கேட்டாரு. நான் மூடிட்டு வந்துட்டேன். நீங்க பின்னால போயிருங்க. ஆத்தைத் தாண்டிருங்க.”

அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள்.

ஊர்த்தலைவி நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்குப் பின்னால் ஒரு பல்லக்கு.

“யாரும்மா இருமினது?”

“நான்தான்.”

உள்ளே பின்கதவு கிறீச்சிட்டது.

அவள் உரக்க இருமினாள்.