கைமாற்று மாத்திரை

எதிர்வீட்டுக்காரி இன்றைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். போன தடவை முழங்கால், அதற்கு முந்தின தடவை கழுத்து. வாடகைக்குக் குடியிருக்கும் வலிபோல, நினைத்தால் இடம் மாறிவிடுகிறது என்று டெய்லரம்மா மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த வலி மாத்திரை ரெண்டு இருக்குமா?"

மெஷினை மிதிப்பதை நிறுத்தாமலே டெய்லரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சர்க்கரை கேட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறாள், குடை கேட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறாள். மாத்திரையைக் கைமாற்றாகக் கேட்கிற பிறவி இது ஒன்றுதான். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ரகம்.

வருகிற நேரத்தையும் பார்க்க வேண்டும். டெய்லரம்மாவின் புருஷன் மருந்துக்கடையில் புது அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் படியிறங்கினால் போதும், இவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஒருநாள் அவர்கள் இருவரும் மாடிப்படித் திருப்பத்தில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததைக்கூட டெய்லரம்மா பார்த்தாள். வேறொருத்தியாக இருந்தால் வயிறு எரிந்திருப்பாள். டெய்லரம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கட்டின பெண்டாட்டியிடம் வாய் திறக்கத் துப்பில்லாத மனுஷன், அடுத்தவளிடம் என்னத்தைக் கிழித்துவிடப் போகிறார்? ஒரு தடவை மாத்திரை வாங்க மறந்துபோச்சு என்று முணுமுணுத்தவருக்கு அவள் கொடுத்த பூசை நாலு வீட்டுக்குக் கேட்டது. அதற்கப்புறம் அவருக்கு எதுவும் மறக்கவில்லை.

அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுக்கும்போது வழக்கமான பாடத்தையும் சேர்த்தே கொடுத்தாள். வெறும் வயிற்றில் போடக் கூடாது. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருக்கிறது, அதில் ஒன்று காய்ச்சல் மருந்து. ஆகையால் மேற்கொண்டு காய்ச்சல் மாத்திரை எதுவும் போடக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மலம் கறுத்துப் போனால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். இதெல்லாம் அவளுடைய தோள்பட்டையைப் பார்த்த டாக்டர் சொன்னது. கொஞ்ச நாளைக்குப் போட்டுவிட்டு மறுபடி வந்து காட்டச் சொல்லியிருந்தார். பள்ளிச் சீருடைகள் தலைக்கு மேல் குவிந்து கிடக்கும்போது யார் போய்க் காட்டுவது? தோள் வலி நின்றபாடில்லை, அதனால் மாத்திரையும் நிற்கவில்லை.

சொல்லிக்கொண்டே தானும் ஒன்றை வாயில் போட்டு, ஆறிப்போன காப்பியோடு விழுங்கினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லைதான். விவரம் தெரிந்தவள் ஒருநாள் முன்னே பின்னே இருந்தால் குடி முழுகிவிடாது. விதியெல்லாம் விவரம் கெட்டதுகளுக்கு.

நெஞ்சுக்குழியில் எரிந்தது. நேற்று ராத்திரிச் சட்னியின் பச்சைமிளகாயைத் திட்டினாள். கொஞ்ச நாளாகக் கால் செருப்புக்குள் நுழைய மறுக்கிறது. அதற்குச் செருப்புக் கடைக்காரனைத் திட்டியாகிவிட்டது.

நூல்கண்டு மாற்ற நிமிர்ந்தவள் ஜன்னல் வழியே பார்த்தாள். சற்றுமுன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனவள், நிறைந்த தண்ணீர்க் கேனை அதே இடுப்பில் ஏற்றிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே வந்துகொண்டிருந்தாள்.

டெய்லரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இத்தனை நாள் மனசுக்குள் வைத்துப் பழகிய ஏளனத்துக்கு இன்றைக்கு வாசல் திறந்துவிட்டது. செருப்பில்லாமலே போய் எதிர்வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"யார் காதுல பூ சுத்துற? இதுதான் உன் இடுப்பு வலியா?"

அவள் கேனை இறக்கி வைத்தாள். டெய்லரம்மா விடவில்லை. வலியில்லாமல் வலி மாத்திரை தின்கிற அதிசயத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். மாத்திரையை மிட்டாய் என்று நினைத்துக்கொண்டாயா என்றாள்.

"இப்படியே முழுங்கிக்கிட்டிரு, கிட்னி கையை விரிச்சிடும். நீ படுத்துட்டா உன் புருஷன் கண்ணைக் கசக்கிக்கிட்டு என் வாசல்லதான் வந்து நிப்பான்."

எதிர்வீட்டுக்காரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். பார்வை டெய்லரம்மாவின் முகத்தில் நிற்காமல், அவளுடைய வீங்கிய பாதங்களில் போய் நின்றது.

"நான் ஒண்ணுகூட முழுங்கலக்கா."

"பின்ன எதுக்குடி வாரத்துக்கு வாரம் வந்து பிச்சை எடுத்த?"

"உங்க வீட்டுக்காரர்தான் என் வாசல்ல வந்து கண்ணைக் கசக்கிக்கிட்டு நின்னாரு, நீங்க முழுங்குறதுல ரெண்டாவது குறையட்டும்னு."