அளவு ஏறாத கடிதம்

"அப்போ திருடன் என் வீட்டுக்குள்ளயே இருக்கான்னு சொல்றியா?" முதலாளி குரலைத் தாழ்த்தவில்லை.

கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திருடன் இல்லைய்யா. நம்ம அம்மாதான். தம்பிக்கு மெயில் மேல மெயில் போடறாங்க. அங்கேருந்து பதிலும் வந்துக்கிட்டே இருக்கு. எல்லாம் பூட்டு போட்டது. சாவி அவங்க ரெண்டு பேர்கிட்டதான்."

அம்மா என்றது முதலாளியின் மனைவியை; தம்பி என்றது அவர்களின் ஒரே மகனை. குடும்பப் பெயரைக் கெடுத்தான் என்று அவரே வாசலைக் காட்டி அனுப்பியவன். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவன் பேச்சை எடுக்கக்கூடாது.

"பூட்டை உடை."

"முடியாதுய்யா. ஆனா ஒரு வழி இருக்கு. அம்மாவோட கம்ப்யூட்டர் பூட்டறதுக்கு முன்னாடி கடிதத்தைச் சுருக்கும். ஒரே சொல் ரெண்டு தடவை வந்தா, ஒண்ணுக்குத்தான் இடம். கடிதத்துக்கு அடியில நம்ம கம்பெனி பேர் போட்ட வரி அங்கேயே தானா ஒட்டிக்கும்ல, அதுல நாம ஒரு சொல்லைச் சேர்ப்போம். அம்மாவும் அதையே எழுதியிருந்தா, மெயிலோட அளவு ஏறாது."

"பெட்டியைத் திறக்காம உள்ள இருக்கறதைச் சொல்ல நீ என்ன ஜோசியனா?"

"ஜோசியன் நல்லதா நாலு வார்த்தை சொல்லுவான்யா. இது உள்ளதைத்தான் சொல்லும்."

அவர் முகம் இறுகியே இருந்தது. மனம் வேறு கணக்குப் போட்டது. மனைவி கூப்பிட்டு மகன் வந்தால், தான் இறங்கி வந்ததாக ஆகாது. கண்ணை மூடுவதற்குள் பிள்ளையை ஒரு தடவை பார்த்தும்விடலாம்.

போன வாரம் மனைவி மகனின் கட்டிலைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டாள். தன்மேல் உள்ள கோபம் என்றே அவர் அதை எடுத்துக்கொண்டார்.

"'வீட்டுக்கு வா'ன்னு வை," என்றார், குற்றத்தைக் கண்டுபிடிக்கிறவர் போல.

அடுத்த மெயில் போனது. அளவு ஏறியது.

"'அப்பாகிட்ட பேசு'ன்னு வை."

அதுவும் ஏறியது.

"'அப்பா மன்னிச்சிட்டார்'னு..." பாதியில் விழுங்கினார். அவன் அதையும் சேர்த்தான். அதுவும் ஏறியது.

"சொத்தைப் பத்தித்தான் ஏதோ எழுதறா. விடு," என்று எழுந்தார்.

சர்வர்காரன் கேட்காமலே எதையோ தட்டினான். இன்னொரு மெயில் போனது. திரையில் அளவைக் காட்டும் எண் அசையவில்லை.

முதலாளி அவன் தோளைப் பற்றினார். குரல் முதன்முறையாகத் தழைந்தது. "ஏறலையே! பார்த்தியா, ஏறலையே! என்ன சொல்லைடா போட்டே?"

அவன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"'வராதே'ன்னு போட்டேன்யா."