மூன்றாவது தேதி

பதிவு அலுவலகத்தின் பெஞ்சில் அவள் உட்கார்ந்த மறு நிமிடமே மேலாளர் போனில் வந்துவிட்டார்.

"இன்னிக்கு லீவு வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! பில்டு நின்னுபோச்சு, ஸ்க்ரீன்ல செவப்பா எரியுது. பன்னெண்டு மணிக்குப் புது வெர்ஷன் போயாகணும். கல்யாணத்தை நாளைக்கு வெச்சுக்க, கிளம்பி வா."

ஏற்கெனவே இரண்டு தேதிகள் இப்படித்தான் போயின.

மாமாவுக்கு அதில் பரம சந்தோஷம். "பாத்தியா, கடவுளுக்கே பிடிக்கலை" என்றார்.

கடவுளை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. கம்ப்யூட்டரை ஏதாவது செய்ய முடியும்.

பல் மருத்துவமனைகளுக்கு அவர்கள் விற்கும் மென்பொருள், அதுவரை உலகத்திலேயே அவளுடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் முழுதாக உருவாகும். புது வெர்ஷன் என்றால் அவள் நாற்காலியில் இருந்தாக வேண்டியிருந்தது.

மூன்றாவது தேதி குறித்த அன்று, ஸ்டோர் ரூமில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரை யாரையும் கேட்காமல் தூக்கி வந்தாள். யார் புரோகிராம் கோடு எழுதி அனுப்பினாலும் அது தானே எடுத்து, உருவாக்கி, சோதித்து, பச்சையா சிவப்பா என்று சொல்ல வேண்டும்.

மூன்று வாரம் சிவப்பையே காட்டியது. தன் கம்ப்யூட்டரில் மட்டும் ஒளிந்திருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். கடைசியாகச் சிக்கிய ஐகான் படம், தோழியின் குழந்தையுடைய பிறந்தநாள் போட்டோக்களுக்கு நடுவில் கிடந்தது.

போன வாரம் பச்சை வந்தது. 'அணைத்தால் கொலை விழும்' என்று அதன் தலையில் ஒரு தாளை ஒட்டினாள்.

இப்போது போனிலேயே, அந்தப் பழைய கம்ப்யூட்டர் பதிந்துவைத்திருந்த பில்டின் விவரத்தைத் திறந்தாள். கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு வந்தது.

"சார், காலையில கோடு போட்டது நீங்கதான். புதுசா ஒரு ஃபைல் எழுதிட்டு, அதை மட்டும் அனுப்ப மறந்துட்டீங்க."

"என் மெஷின்ல ஓடுச்சே!"

"எல்லாரும் அதைத்தான் சார் சொல்வாங்க."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம்.

"சரி சரி, அனுப்பிட்டேன். எதுக்கும் நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

"வரமாட்டேன் சார்."

ஆறு வருடத்தில் முதல்முறை. சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

ஏழு நிமிடத்தில் பச்சை விழுந்தது. போனை அணைத்துக் கைப்பையில் போட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதலில் கையெழுத்துப் போட்டார்.

மணமகளின் கையில் பேனா அப்படியே நின்றது. "ஊரு சிரிக்காதாடி?"

"சிரிக்கட்டுமே. கல்யாணத்துக்குச் சிரிக்காம அழவா செய்வாங்க? போடும்மா."

பேனா நகர்ந்தது.

அடுத்து, சாட்சி. அவள் தன் பெயரை எழுதினாள். மணமகளுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த கட்டத்தில், கோட்டைத் தாண்டி வழிகிற அளவுக்குப் பெரிதாக எழுதினாள்.

மகள்.