சாமியின் லேப்டாப்

“பாலைக் கொட்டினவ இவதாம்பா! இவ மட்டும் ஒழுங்கா நடந்திருந்தா, புத்தூர்ல இருந்து திருப்பதி வரைக்கும் நான் இதைத் தூக்கிக்கினு வந்திருக்க மாட்டேன்.”

கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாக நின்ற ஹரிபாபு, லேப்டாப்பைக் கடை மேசை மேல் வைத்தான். பின்னால் நின்ற அவன் மனைவி சுந்தரிக்கு, பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

கடைக்காரர் கிரண்குமார் பட்டனை அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிட்டது. சார்ஜரைக் கழற்றி, பட்டனை அழுத்திப் பிடித்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார். ஊஹூம்! பிடித்து வைத்த பிள்ளையார்தான்.

“எப்போ கொட்டுச்சு சாமி?”

“முந்தாநாள் சாயங்காலம். வீட்டுல ஐயப்ப பஜனை நடந்துக்கினு இருக்குது. பால் செம்போட வந்தவ மேசைகிட்ட தடுக்கி விழுந்தா. மறுநாள் காத்தால பார்த்தா இப்படி நிக்குது! ஆபீஸ் லேப்டாப்பு. இது போச்சுன்னா என் வேலையும் போச்சு.”

“நாலு சொட்டு மேசையில பட்டுது சாமி. இதும்மேல பட்ட மாதிரியே தெரியல. உடனே தொடைச்சேனே...” என்று சுந்தரி இழுத்தாள்.

“நீ பேசாத மாதா!”

மாலை போட்டவன் கட்டின மனைவியையும் ‘மாதா’ என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த மரியாதையை மட்டும் ஹரிபாபு விடவில்லை. மற்றபடி நேற்றெல்லாம் அவளை வறுத்து எடுத்துவிட்டான். அது போதாதென்று குருசாமி வீடு வரைக்கும் போய் முறையிட்டான். ‘இருமுடி கட்டும்போது இவள் அரிசி போட வேண்டாம். இவள் கை விளங்காத கை’ என்று அங்கே எல்லாச் சாமிகள் முன்னாலும் முடிவாகிவிட்டது.

பெண்டாட்டி இருக்கும்போது வேறு யாரோ வந்து அரிசி போடுவதா? தெருவில் நாலு பேர் ஏன் என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? சுந்தரிக்கு நேற்றிலிருந்து சோறே இறங்கவில்லை. பாவி, பார்த்து நடந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கும் கழட்டிப் பார்த்துடலாம். பாலா இருந்தா உள்ள திரிஞ்சு போயிருக்கும்” என்றபடி கிரண்குமார் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

சுந்தரி மலை இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். ‘ஏழுமலையானே! இது மட்டும் ஓடிட்டா என் முடிய உனக்குக் குடுத்துடறேன்.’

அடிப்பக்க மூடி கழன்றது. குனிந்து பார்த்த கிரண்குமார் சட்டென்று நிமிர்ந்தார். ஹரிபாபுவின் கழுத்து மாலையை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் எழுந்து போய் ஃபேனைப் போட்டார். ஹரிபாபு திடீரென்று வாசல் பக்கம் திரும்பி, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான்.

ஃபேன் காற்றில் அந்த வாடை நேராகச் சுந்தரியின் மூக்குக்கே வந்தது. குடிகார நைனாவின் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது என்ன வாடை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூப்பிய கையைக் கீழே இறக்கினாள்.

“நான் கொட்டினது பாலு. அது எப்போ சாமி பிராந்தியாச்சு?”